வன்னியிலிருந்து சந்தைப்படுத்தல் மாநாடு: எதற்கு நேரில் போவது, எதைத் திரையில் பார்ப்பது?

கொழும்பில் காலை எட்டரைக்குப் பதிவு தொடங்கும் ஒரு மாநாட்டுக்கு முல்லைத்தீவிலிருந்து போகிறவர் முதல் நாள் பின்னேரமே வீட்டை விட்டு இறங்க வேண்டும். முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. ஐம்பது கிலோமீற்றர் அளவில் பஸ்ஸில் மாங்குளத்துக்கு வந்து கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியைப் பிடித்து, அங்கிருந்து இரவு பஸ்ஸோ ரயிலோ ஏற வேண்டும். கிளிநொச்சிக்காரருக்கு இது கொஞ்சம் சுகம். 2013இல் யாழ்தேவி ரயில் மறுபடி கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியது. ஆனாலும் கொழும்பு 330 கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. 2023இலும் 2024இலும் வடக்குப் பாதைத் திருத்த வேலைகளுக்காக ரயில் மாதக்கணக்கில் தடைப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். விடியப்புறம் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, எங்காவது முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ஹோட்டலின் குளிரூட்டிய மண்டபத்துக்குள் போய் இருந்தால் முதல் பேச்சாளர் வாய் திறக்கும்போதே கண் சொருகும். அன்றிரவே திரும்பப் பயணம். ஒரு நாள் மாநாடு என்று அழைப்பிதழில் போட்டிருந்தாலும் எங்கள் வன்னிப் பக்கத்தில் அது மூன்று நாள் வேலையைத் தின்றுவிடும்.

இதைச் சொல்வது போகாதே என்று தடுக்க அல்ல. சந்தைப்படுத்தல் மாநாடுகளைப் பற்றி எழுதப்படும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வசிக்கும், கம்பனி செலவில் பயணம் செய்யும் ஆட்களுக்காக எழுதப்பட்டவை. "இந்த ஆண்டு தவறவிடக் கூடாத மாநாடுகள்" என்ற பட்டியல்கள் அந்த வகை. பரந்தனில் உழுத்தம்மா பொதியிட்டு விற்கும் ஒரு பெண்கள் குழுவுக்கோ, புதுக்குடியிருப்பிலிருந்து ரொறன்ரோ கடையொன்றின் பேஸ்புக் பக்கத்தை நடத்தும் இளைஞனுக்கோ அந்தப் பட்டியல் உதவாது. அவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும்.

என் கணக்கு எளிது. பேச்சைத் திரையில் கேட்கலாம். வாங்குகிற ஆளைத் திரையில் பிடிப்பது கடினம். ஆகவே தூரத்தில் நடக்கும், பெயர் பெற்ற மாநாடுகளைத் திரையில் பாருங்கள். பயணக் காசைக் கிட்டத்தில் நடப்பவற்றுக்கு வைத்திருங்கள். கிட்டத்தில் நடப்பவற்றிலும், பெயரில் 'சந்தைப்படுத்தல்' என்ற சொல்லே இல்லாத கூட்டங்கள்தான் பல நேரம் அதிகம் பயன் தரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காசு எங்கிருந்து வருகிறது?

ஒரு மாநாட்டுக்கு யார் காசு போடுகிறார்கள் என்று பார்த்தால், அங்கே என்ன பேசப்படும் என்பது பாதி தெரிந்துவிடும். நுழைவுக் கட்டணம், அனுசரணை, காட்சிக்கூட வாடகை என்ற மூன்றில் எது பெரியது என்பதுதான் கேள்வி.

மென்பொருள் நிறுவனங்கள் நடத்தும் மாநாடுகள் ஒரு வகை. ஹப்ஸ்பொட் நிறுவனத்தின் 'இன்பவுண்ட்' பல ஆண்டுகள் பொஸ்டனில் நடந்து 2025இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. அடோபி நிறுவனத்தின் 'அடோபி சம்மிட்' லாஸ் வேகஸில் நடக்கிறது. கூகுள் தன் விளம்பரச் சேவைகளில் என்ன புதிது என்று சொல்ல ஆண்டுதோறும் 'கூகுள் மார்க்கெட்டிங் லைவ்' நடத்துகிறது. இவை எல்லாம் தங்கள் பொருளை விற்பதற்கான மேடைகள். அதற்காகக் கூடாதவை என்று சொல்ல மாட்டேன். நல்ல பேச்சாளர்களைக் கூப்பிடுகிறார்கள், ஒழுங்காகக் கற்பிக்கிறார்கள். ஆனால் எந்த நோயைச் சொன்னாலும் மருந்து அவர்களுடைய கடையில்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பிரச்சினை இல்லை. கூகுளில் விளம்பரம் போடுவதைத் தொழிலாகச் செய்பவருக்கு கூகுள் சொல்வது கட்டாயம் வேண்டும். அதை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். அடோபியின் பேச்சுகளில் பெரும் பகுதியும் அப்படித்தான்.

தொழில்சார் அமைப்புகள் நடத்துவது இன்னொரு வகை. எங்கள் நாட்டில் இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் 1970இல் தொடங்கி, 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 'ஸ்லிம்' என்றால்தான் பலருக்கும் தெரியும். பிரித்தானியாவில் 1911இல் விற்பனை முகாமையாளர்களின் சங்கமாகத் தொடங்கிய பட்டய சந்தைப்படுத்தல் நிறுவகத்துக்கும் இலங்கையில் கிளை உண்டு. இவர்களுடைய நிகழ்ச்சிகளின் உண்மையான சரக்கு மேடைக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கத்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பது, வேலை மாறுவது, முகவர் நிறுவனங்கள் வாடிக்கையாளரைத் தேடுவது எல்லாம் தேநீர் மேசையில் நடக்கும். கொழும்பில் வேலை தேடும் பட்டதாரிக்கு இது பொருந்தும். கிளிநொச்சியில் கச்சான் அல்வா செய்பவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

பிறகு விளம்பர விழாக்கள். கான் லயன்ஸ் அவற்றில் மூத்தது. 1954இல் வெனிஸில், 14 நாடுகளிலிருந்து வந்த 187 விளம்பரப் படங்களோடு தொடங்கிய போட்டி அது. அந்த ஊரின் சிங்கச் சிலைதான் இன்றைக்கும் விருதின் உருவம். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் பிரான்சின் கான் நகரில் நடக்கிறது. நுழைவுச் சீட்டு மட்டும் பல ஆயிரம் யூரோ. அந்தக் காசுக்கு ஒரு சிறு உற்பத்தியாளர் பொதியிடும் இயந்திரம் வாங்கிவிடலாம். இந்தியாவில் 2006இல் தொடங்கிய கோவாஃபெஸ்டும் விளம்பர முகவர் நிறுவனங்களின் கூடுகைதான். வென்ற விளம்பரங்கள் பின்னர் எப்படியும் இணையத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து ரசிக்கலாம், படிக்கலாம். போகத் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது நாலாவது வகை: ஒரே வேலையைச் செய்பவர்கள் தங்களுக்குள் கூடி, அது வளர்ந்து மாநாடாகும் வகை. இங்கிலாந்தின் 'பிரைட்டன் எஸ்இஓ' 2010இல் ஒரு மதுக்கடையின் மேல்மாடி அறையில் தொடங்கியது. தேடுபொறியில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை செய்பவர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இலவசச் சீட்டுகளைக் குலுக்கலில் கொடுக்கும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. இப்படியான இடங்களில் பேசுபவர் நேற்றுவரை அந்த வேலையைக் கையால் செய்தவராக இருப்பார். எந்த இலக்கம் ஏறியது, எது இறங்கியது, எங்கே சறுக்கினார் என்று சொல்வார். பேச்சாளர்களில் பலர் தங்கள் காட்சித் தாள்களை (ஸ்லைட்) பேச்சு முடிந்த கையோடு இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். காசு கட்டாமலே அதில் முக்கால்வாசி விஷயம் கையில் கிடைக்கும். 2011இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் தொடங்கிய 'கொன்ரென்ட் மார்க்கெட்டிங் வேர்ல்ட்' எழுத்தையும் காணொளியையும் வைத்து விற்பவர்களுக்கானது. அதையும் இந்த வகைக்குள் சேர்க்கலாம். ஆனால் இப்போது அனுசரணையாளர்களின் கை அங்கே கொஞ்சம் நீளம்.

நிகழ்ச்சி நிரலைப் பார்க்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். சில பேச்சுகளின் கீழே சிறிய எழுத்தில் அனுசரணை என்றோ 'வழங்குபவர்' என்றோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நேரத்தை அந்த நிறுவனம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட பேச்சுகள் நிரலில் பாதிக்கு மேல் இருந்தால், நீங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கப் போவது விளம்பரம்தான்.

திரைக்கு முன்னால்

2020க்கு முன் வன்னியில் இருப்பவருக்கு நேரிலா திரையிலா என்ற இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அந்த ஆண்டு கொரோனாவால் கான் லயன்ஸ் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு இணையவழியில் மட்டும் நடந்தது. அடோபி சம்மிட் சில வார அவகாசத்தில் முழுவதும் இணையத்துக்கு மாறி இலவசமானது. சந்தைப்படுத்தல் பாடநூல்கள் எழுதிய பிலிப் கொட்லரின் உலக சந்தைப்படுத்தல் உச்சிமாநாடு 2012இல் டாக்காவில் தொடங்கியது. அதுவும் 2020 நவம்பரில் 48 மணி நேர இணைய நிகழ்ச்சியாக நடந்தது. பாடப்புத்தகத்தில் பெயரை மட்டும் படித்த ஒருவரை வவுனியாவில் இருக்கும் மாணவி தன் கைத்தொலைபேசியில் பார்க்க முடிந்தது அப்போதுதான். பிறகு எல்லாரும் மண்டபங்களுக்குத் திரும்பினார்கள். ஆனாலும் திரை முழுவதுமாக மூடப்படவில்லை.

இணையவழியில் பார்ப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். எங்கள் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். பிரைட்டனில் ஏப்ரல் மாதம் காலை ஒன்பது மணி என்றால் இங்கே பிற்பகல் ஒன்றரை. வேலை நாளுக்குள் அடங்கிவிடும். சிங்கப்பூரில் காலை ஒன்பது இங்கே காலை ஆறரை, தேநீரோடு பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலோ லாஸ் வேகஸிலோ கோடைகால நேரப்படி காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அவர்களுடைய மத்தியானப் பேச்சு முடியும்போது இங்கே கோழி கூவும். மேற்கு அமெரிக்காவில் நடப்பவற்றை நேரலையில் பார்க்க முனையாமல், பதிவு கிடைக்குமா, எத்தனை நாளுக்குக் கிடைக்கும், கட்டணத்துக்குள் அடங்குமா என்று முதலே கேட்டுவிடுவது நல்லது. பதிவு கிடையாது என்றால் அந்தச் சீட்டு எங்களுக்கு இல்லை.

அடுத்தது டேட்டா. ஓரளவு தெளிவான காணொளி மணிக்கு ஒரு ஜிபி அளவில் இழுக்கும். இரண்டு நாள் முழு மாநாட்டையும் கைத்தொலைபேசிப் பொதியில் பார்த்தால் மாதக் கணக்கு காலி. நகரப் பக்கம் ஃபைபர் இருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்கும் நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே போனால் சிக்னல் மரத்துக்கு மரம் மாறும். பதிவை 480 தரத்தில் இறக்கி வைத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதுதான் என் சிபாரிசு. ஆங்கிலம் தடக்கினால் யூடியூப்பின் தானியங்கி எழுத்துகளைப் போட்டுவிடலாம். தமிழுக்கும் மாற்றித் தரும். சில இடங்களில் சிரிப்பு வரும்படி மாற்றினாலும் விஷயம் பிடிபடும்.

'இலவசம்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். இலவச இணைய மாநாட்டின் விலை உங்கள் மின்னஞ்சல் முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், பதவி, கம்பனியில் எத்தனை பேர் என்ற விவரம். பதிவுப் படிவம் அத்தனை கேள்வி கேட்பது அனுசரணையாளர்களுக்குப் பட்டியல் கொடுப்பதற்காகத்தான். சரி, அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. சந்தைப்படுத்தலைத் தொழிலாகச் செய்பவர்கள் அதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு நம்பிக்கை இல்லாதது கலப்பு மாநாடு: மண்டபத்திலும் ஆட்கள், திரையிலும் ஆட்கள். பெரும்பாலும் மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு கமரா, எதிரொலிக்கும் ஒலி, கேள்வி நேரத்தில் "இணையத்தில் இருப்பவர்களுக்கும் ஏதாவது..." என்று ஒரு ஒப்புக்குக் கேட்பது, அவ்வளவுதான். இணையப் பார்வையாளருக்கென்று தனியாக ஒரு நெறியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் பதிவு வரும்வரை பொறுத்திருப்பது மேல்.

ஒரு வேலையைக் கூட்டாகச் செய்யலாம். வன்னியில் பகுதிநேரமாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு டிஜிட்டல் வேலை செய்யும் இளைஞர்கள் இப்போது கணிசம். நாலு பேர் சேர்ந்து ஒரு மாநாட்டின் பேச்சுகளைப் பிரித்து எடுத்து, ஒவ்வொருவரும் கேட்டதை வட்ஸ்அப்பில் குரல் பதிவாகத் தமிழில் மற்றவர்களுக்குச் சொன்னால், தனியே பார்த்ததைவிட அதிகம் மனதில் நிற்கும். ஒருவரின் கட்டணச் சீட்டை நாலு பேர் பயன்படுத்துவதை அநேகமான ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் கேட்டதைச் சொந்த வாயால் சொல்வதை யாரும் தடுக்க முடியாது.

பஸ் ஏறத் தகுந்தவை

சந்தைப்படுத்தல் மாநாட்டைவிட வர்த்தகக் கண்காட்சி எங்கள் சிறு உற்பத்தியாளருக்கு ஏன் மேல் என்று சொல்ல வந்தேன். கொழும்பு மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் பெரிய கம்பனிகளின் பிரச்சினைகள். வர்த்தகப் பெயரின் மீது இளைஞருக்கு இருக்கும் பற்று, தொலைக்காட்சியிலிருந்து டிக்டொக்குக்கு விளம்பரக் காசை மாற்றுவது, செயற்கை நுண்ணறிவால் விளம்பரம் எழுதுவது போன்றவை. வன்னியில் பொருள் செய்பவரின் பிரச்சினை பெரும்பாலும் அங்கே இல்லை. கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் பொருள் போக என்னென்ன சான்றிதழ் வேண்டும்? கடைக்காரர் எத்தனை நாள் கடனில் எடுப்பார்? விற்காமல் திரும்பும் பொருளின் நட்டம் யாருடையது? பஸ்ஸில் அனுப்பும் பொதி நசுங்காமல் போக என்ன பெட்டி போடுவது? இவற்றுக்கு எந்தத் தலைமை உரையிலும் பதில் வராது. பெட்டி விற்பவரும், விநியோகஸ்தரும், கடைக்குப் பொருள் எடுக்கும் அதிகாரியும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் இடத்தில்தான் வரும்.

அப்படி ஒரு இடம் யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. போர் முடிந்து ஏ9 திறந்த பின் 2010 ஜனவரியில் முதல் தடவை நடந்தது. கோட்டைக்கும் நூலகத்துக்கும் பக்கத்து மைதானத்தில் நடப்பது. கிளிநொச்சியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பொதுமக்கள் சாமான் வாங்கவும் பொழுதுபோக்கவும் பெருந்தொகையாக வருவதால் பின்னேரங்களில் அங்கே வியாபாரப் பேச்சுக்கு இடமிருக்காது. முதல் நாள் காலையில், சனம் கூடுவதற்கு முன் போக வேண்டும். ஜனவரி என்பதில் ஒரு சங்கடமும் உண்டு. தைப்பொங்கலுக்குப் பொருள் அனுப்பும் அவசரம் ஒரு பக்கம், காலபோக நெல் வெட்டு நெருங்குவது மறுபக்கம். வயலும் வைத்திருக்கும் முயற்சியாளர் வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

உணவுப் பொருள் செய்பவர்கள் கொழும்புக்குப் பஸ் ஏறுவதென்றால் 'புரோபூட் புரோபக்' கண்காட்சிக்கு ஏறலாம். உணவு பதனிடுவோர் சங்கம் நடத்துவது, பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில். பொதியிடல், சுட்டி (லேபிள்) அச்சிடல், இயந்திரம், மூலப்பொருள் என்று ஒரு நாளில் பத்து இடத்துக்கு அலைய வேண்டியதை ஒரே இடத்தில் முடிக்கலாம். மாதிரிப் பொதிகளைப் பையில் கொண்டுபோங்கள். ஒரு மொத்த வியாபாரி கேட்கும் முதல் கேள்வி ருசியைப் பற்றியதாக இருக்காது. "தம்பி, மாதம் எத்தனை கிலோ தருவீங்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு நேர்மையான எண் கையில் இல்லாவிட்டால் போன பயணம் சுற்றுலாதான்.

வெளிநாடு என்று யோசிப்பவர்களுக்கும் இதே தர்க்கம். பனங்கட்டி, ஒடியல்மா, கருவாடு போன்றவற்றை அங்கே வாங்குபவர் இலண்டனிலோ பாரிஸிலோ ரொறன்ரோவிலோ தமிழ்க் கடைகளுக்கு இறக்குமதி செய்பவர்தான். அவரைப் பார்க்கக் கூடிய இடங்கள் உணவு வர்த்தகக் கண்காட்சிகள். ஆண்டுத் தொடக்கத்தில் துபாயில் நடக்கும் 'கல்ஃபூட்', ஒற்றை ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் 'அனுகா', இரட்டை ஆண்டுகளில் பாரிஸில் நடக்கும் 'சியால்' ஆகியவை முக்கியமானவை. தனியாகப் போவது எங்கள் அளவில் நடக்காத காரியம். 1979இல் அமைக்கப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சபை இப்படியான கண்காட்சிகளில் இலங்கைக் கூடம் அமைக்கிறது. அதில் ஒரு மூலை பிடிக்கப் பதிவும் தரச்சான்றும் முன்கூட்டியே வேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் கம்பனியோ சேர்ந்து ஒருவரை அனுப்பி, எல்லாருடைய மாதிரிகளையும் அவர் கொண்டுபோவதுதான் நடக்கக் கூடியது.

நடுவில் சென்னை இருப்பதை நாங்கள் பல நேரம் மறந்துவிடுகிறோம். 2022 டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மறுபடி தொடங்கியது. 2024இல் இண்டிகோவும் வந்தது, 2025இல் திருச்சிக்கும் வழி திறந்தது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு இரவு முழுக்கப் பஸ்ஸில் போகும் நேரத்துக்குள், கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையப் பக்கமே போகாமல், சென்னை போய்ச் சேர்ந்துவிடலாம். வீசாவும் விமானச்சீட்டும் செலவு, மறுக்கவில்லை. ஆனால் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் கண்காட்சிகளில் பொதியிடல் இயந்திரக்காரரோடு தமிழிலேயே பேசி விலை கேட்கலாம். 1956இலிருந்து இயங்கும் மெட்ராஸ் முகாமைத்துவச் சங்கத்தின் கூட்டங்களைப் போன்றவற்றில் வியாபாரத்தைப் பற்றித் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறார்கள். கொழும்பு மண்டபங்களில் ஆங்கிலமும் சிங்களமும் ஓடும்போது ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டு வரும் எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கொழும்புக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். தயக்கம் பெரும்பாலும் எங்கள் பக்கத்தில்தான். இருவராகப் போனால் அது பாதியாகக் குறையும்.

டிஜிட்டல் வேலை செய்யும் இளைஞர்களுக்குக் கிட்டத்தில் யாழ்ப்பாணம் இருக்கிறது. அங்கே இயங்கும் தகவல் தொழில்நுட்ப அமைப்பான யாழ் ஐரி ஹப் நடத்தும் போட்டிகளிலும் சந்திப்புகளிலும் மென்பொருள்காரர்கள்தான் அதிகம். விற்கத் தெரிந்த ஒருவர் அங்கே போனால், பொருளைச் செய்துவிட்டு விற்கத் தெரியாமல் நிற்கும் பலரைச் சந்திப்பார். எல்லாரும் சந்தைப்படுத்துபவர்களாக இருக்கும் மண்டபத்தில் உங்களுக்கு வேலை தரக் கூடியவர் யார்?

போலிகள்

வவுனியா பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலும் படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டும். "உங்கள் ஆய்வுச் சுருக்கத்தைப் பார்த்து வியந்தோம், எங்கள் சர்வதேச சந்தைப்படுத்தல் மாநாட்டில் சிறப்புப் பேச்சாளராக அழைக்கிறோம்" என்று மின்னஞ்சல் வரும். பிறகு பதிவுக் கட்டணம் டொலரில். ஒரே ஹோட்டலில் ஒரே நாளில் சந்தைப்படுத்தல், பல் மருத்துவம், மண் விஞ்ஞானம் என்று பத்து மாநாடுகள் அறிவிக்கப்பட்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். வீசாக் கடிதம் தருகிறோம் என்பதையே முதல் கவர்ச்சியாகக் காட்டுபவர்களிடமும் அப்படித்தான். தொழில் செய்பவர்களுக்கு வருவது வேறு வடிவம்: "உங்கள் நிறுவனம் ஆண்டின் சிறந்த வர்த்தகப் பெயராகத் தெரிவாகியுள்ளது, விருது விழா மேசைக்குக் காசு கட்டுங்கள்" என்று வரும். நீங்கள் விண்ணப்பிக்காத விருது உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் உங்கள் பொருளாக இருக்காது.

சோதிக்க வழி இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் பெயர் போட்டிருக்கும் பேச்சாளர்களில் இருவருடைய சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். உண்மையாகப் பேசப் போகிறவர் அதை அங்கே சொல்லியிருப்பார். போன ஆண்டின் பேச்சுகள் எங்காவது காணொளியாக இருக்கின்றனவா? மண்டபத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் அந்தத் தேதிக்குப் பதிவு இருக்கிறதா என்று சொல்வார்கள். பணம் திரும்பத் தரும் விதிமுறை எழுத்தில் இருக்கிறதா? நல்ல ஏற்பாட்டாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

முடிவு செய்யும்போது

ஒரு தாளில் ஒரே ஒரு வசனம் எழுதிப் பாருங்கள்: திரும்பி வரும்போது என் கையில் என்ன இருக்க வேண்டும்? "அறிவு வளரும்" என்று எழுதினால் திரையே போதும். "நீர்கொழும்புப் பக்கம் கருவாடு எடுக்கும் இரண்டு விநியோகஸ்தரின் இலக்கம்" என்று எழுதினால் நேரில் போக வேண்டும். பிறகு அப்படிப்பட்டவர்கள் அங்கே வருகிறார்களா என்று ஏற்பாட்டாளரிடமே கேட்கலாம். எந்த வகையான ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டால், அநேகமாகச் சொல்வார்கள். போன தடவை போன ஒருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். போய் வந்தபின் தொழிலில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

கட்டணம் கொழும்பு நிகழ்ச்சிகளில் சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் ரூபா வரை ஓடுகிறது. முன்கூட்டிப் பதிவு செய்தால் குறைவு, மாணவருக்குக் குறைவு, குழுவாகப் போனால் குறைவு. தொண்டராக வேலை செய்தால் சில இடங்களில் முழுக்க இலவசம். கேட்காதவருக்கு எதுவும் கிடையாது. பயணத்தையும் தங்குமிடத்தையும் இழந்த வேலை நாள்களையும் கூட்டிப் பார்த்தால் கட்டணம் பல நேரம் மொத்தச் செலவில் சிறிய பங்குதான். அதனால் இலவச மாநாடு என்பதற்காகவே ஏ9இல் இரவு முழுக்கப் போய் வருவது லாபம் இல்லை.

எங்கள் மண்ணிலேயே ஒன்று நடக்காதா என்றும் கேட்கலாம். நடக்கலாம். வவுனியாவில் பல்கலைக்கழகம் 2021இல் தனியாகிவிட்டது, அதற்கு வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி பஸ்கள் எல்லாம் வந்து சேரும் இடமும் வவுனியாதான். மண்டபத்துக்குக் குறைவில்லை. ஜூலை நடுப்பகுதி தோதான காலம்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்திருக்கும், மடு மாதாவின் ஆடித் திருவிழாவும் முடிந்திருக்கும், ஓகஸ்ட் 15 மடுப் பெருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கும், சிறுபோக வெட்டும் தொடங்கியிராது. தலைமை உரை வேண்டாம். கொழும்பிலிருந்து பொருள் எடுக்கும் அதிகாரிகள் இருவர், யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரிகள் சிலர், பொதி அச்சிடுபவர் ஒருவர், பொதி அனுப்பும் பஸ்காரர் ஒருவர், இவர்களுக்கு எதிரே மாதிரிகளோடு உற்பத்தியாளர்கள். நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டாயம் வைக்க வேண்டும், ஐந்நூறு ரூபாவாவது. இலவசம் என்றால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள்.